பழைய ஃபயர்பிளேஸை என்ன பண்றது? கனடாவுல முதல் வீடு வாங்கினவங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிராம்ப்டன்ல ஹார்ட் லேக் பக்கம் நாங்க வாங்கின வீடு 1985ல கட்டினது. ஃபேமிலி ரூமுக்குள்ள நுழைஞ்சா முதல்ல கண்ணுல படுறது தரையில இருந்து சீலிங் வரைக்கும் சாக்லேட் கலர் செங்கல் சுவர், நடுவுல பித்தளை ஃப்ரேம் போட்ட கண்ணாடிக் கதவு, அதுக்கு மேல தேன் கலர் ஓக் பலகை, கீழ ஒரு திண்ணை மாதிரி செங்கல் மேடை. ஊர்ல இருந்து வந்த அம்மா ரெண்டு நாள் அதையே பாத்துட்டு இருந்துட்டு மூணாவது நாள் கேட்டாங்க, "சமைக்கவும் முடியாது, வெந்நீர் போடவும் முடியாது, நடு ஹால்ல இவ்ளோ பெரிய அடுப்பு எதுக்குடா?"

நியாயமான கேள்வி. ஸ்கார்பரோ, மிசிசாகா, ஏஜாக்ஸ்னு எங்க போய் எழுபதுகள் எண்பதுகள்ல கட்டின வீடு வாங்கினாலும் இந்த அடுப்பு கூடவே வரும். நம்மள்ல பல பேர் அதுல ஒரு தடவை கூட தீ வச்சிருக்க மாட்டோம், ஆனா அது ரூமோட முக்கால்வாசி அழகையும் முழுங்கிட்டு உக்காந்திருக்கும். உடனே எல்லாரும் பண்றது என்னன்னா ஃபோனை எடுத்து வெள்ளை கலர் ஃபயர்பிளேஸ் படமா பாத்துட்டு அடுத்த சனிக்கிழமை பெயிண்ட் டப்பா வாங்கிட்டு வந்துடுறது. நானும் அதைத்தான் பண்ணேன், அதனால தான் இதை எழுதுறேன். கலர் கடைசி வேலை. முதல் வேலை அந்த ஓட்டைக்குள்ள தலையை விட்டு அது என்ன வகைன்னு தெரிஞ்சுக்கிறது, ரெண்டாவது வேலை இதுல நாம எப்பவாவது நெருப்பு எரிக்கப் போறோமான்னு வீட்டுல உக்காந்து மனசு விட்டு பேசி முடிவு பண்றது. இந்த ரெண்டும் முடிஞ்சா மீதி எல்லாம் தானா வரிசைக்கு வந்துடும்.

முதல்ல பேர்களைத் தெரிஞ்சுக்கோங்க

ஆள் கூப்பிட்டா இந்த வார்த்தைங்க தான் வரும், தெரியலைன்னா தலையை ஆட்டிட்டே கொட்டேஷன்ல கையெழுத்து போட்டுடுவோம். தீ எரியுற குழி ஃபயர்பாக்ஸ். அதுக்கு முன்னாடி தரையில இருக்கிற கல் பகுதி, நம்ம வீட்டுல திண்ணை மாதிரி இருந்தது, அது ஹார்த். குழியைச் சுத்தி சுவர்ல இருக்கிற செங்கல் இல்லைன்னா டைல்ஸ் சரவுண்ட். மேல இருக்கிற பலகை மேண்டல். குழிக்குள்ள கையை விட்டு மேல தடவினா ஒரு இரும்பு மூடி தட்டுப்படும், அது டேம்பர், எரிக்கும்போது திறக்கணும், எரிக்காதப்ப மூடணும். அதுக்கு மேல புகை போற குழாய் ஃப்ளூ, வெளிய தெரியுறது சிம்னி.

அந்த டேம்பரை முதல்லயே செக் பண்ணிடுங்க. நாங்க குடிபோன முதல் ஜனவரியில ஃபர்னேஸ் ஓடிக்கிட்டே இருக்கும், சோஃபால உக்காந்தா கால் மட்டும் சில்லுனு இருக்கும், ஜன்னல் ஜன்னலா போய் டேப் ஒட்டிட்டு இருந்தேன், கடைசில பாத்தா டேம்பர் பாதி திறந்தே கிடக்கு. ஹீட்டிங் பில் கட்டி வானத்தை சூடாக்கிட்டு இருந்திருக்கேன்.

உங்க வீட்டுல இருக்கிறது எந்த வகை

டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. உள்சுவரும் உண்மையான செங்கல், மேல ஃப்ளூவும் களிமண் ஓடு பதிச்சதா இருந்தா அது மேசன்ரி ஃபயர்பிளேஸ், கொத்தனார் கட்டினது. உள்ள இரும்புப் பெட்டி, செங்கல் மாதிரி அச்சு போட்ட பலகை, மேலயும் கீழயும் காத்து போக கிராதி, எங்கயாவது ஒரு தகடுல கம்பெனி பேரும் மாடல் நம்பரும், மேல போறது இரும்புக் குழாய்னா அது ஃபேக்டரியில செஞ்சு கொண்டுவந்து மர ஃப்ரேமுக்குள்ள சொருகினது. மூணாவது, ஏற்கனவே கேஸ் போட்டது, உள்ள பொய் விறகு கட்டை இருக்கும், பக்கத்துல ஒரு வால்வு, பத்த வைக்கிறதுக்காக சின்னதா எரிஞ்சுட்டே இருக்கிற பைலட் தீ.

இது ஏன் முக்கியம்னா மேசன்ரில நீங்க கொஞ்சம் சுதந்திரமா வேலை பண்ணலாம். இரும்புப் பெட்டில முடியாது. அந்த கிராதிங்க அழகுக்கு வச்சதில்லை, பெட்டியைச் சுத்தி காத்து ஓடினா தான் பின்னாடி இருக்கிற மரம் சூடாகாம இருக்கும், அசிங்கமா இருக்குன்னு அதை மூடி மேல டைல்ஸ் ஒட்டுறவங்க இருக்காங்க, அது சுவருக்குள்ள தீயை வளக்குற வேலை. அந்த மாடலோட மேனுவல் என்ன சொல்லுதோ அது தான் சட்டம், நம்பரை வச்சு நெட்ல தேடினா பெரும்பாலும் பிடிஎஃப் கிடைச்சுடும்.

எரிப்போமா மாட்டோமா

இங்க தான் பொய் சொல்லாம இருக்கணும். "கிறிஸ்துமஸ் லீவுல குழந்தைங்களோட விறகு எரிச்சு உக்காந்தா எவ்ளோ நல்லா இருக்கும்"னு என் வைஃப் சொன்னா, நானும் ஆமான்னேன். அப்புறம் கணக்குப் போட்டோம். விறகு வாங்கி கராஜ்ல அடுக்கணும், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கிற நல்லா காஞ்ச விறகா இருக்கணும், சாம்பல் அள்ளணும், வருஷா வருஷம் சிம்னி சுத்தம் பண்ண ஆள் கூப்பிடணும். சூடு? திறந்த விறகு ஃபயர்பிளேஸ்ல இருந்து ரூமுக்கு வர்றது ரொம்ப ரொம்பக் கம்மி, பெரும்பகுதி சிம்னி வழியா போயிடும், போகும்போது ஃபர்னேஸ் சூடாக்கின காத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். முன்னாடி உக்காந்தா முகம் சுடும், பின்னாடி பெட்ரூம் ஜில்லுனு ஆயிடும்.

இதோட நம்ம வீட்டுக்கே உரிய பிரச்சனை ஒண்ணு. தாளிக்கிற வாசனை போகணும்னு நாம எல்லாரும் நல்ல பவரான ஹூட் மாட்டியிருப்போம். அந்த ஹூட் வெளிய தள்ளுற காத்துக்கு ஈடா வேற காத்து எங்கயாவது இருந்து உள்ள வந்தாகணும், குளிர்காலத்துல ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும், வீட்டுல பெரிய ஓட்டை எதுன்னா சிம்னி தான். இங்க தீ எரியுது, அங்க அப்பளம் பொரிக்க ஹூட்டை ஃபுல்லா வச்சா மேல போக வேண்டிய புகை அப்படியே ஹாலுக்குத் திரும்பி வரும். புகை கண்ணுக்குத் தெரியும், கூட வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயு தெரியாது. விறகு எரிக்கப் போறவங்க அந்த நேரத்துல ஹூட்டை ஆஃப் பண்ணி, பக்கத்து ஜன்னலை ஒரு இஞ்ச் திறந்து வச்சுக்கோங்க.

எரிக்கிறதோ இல்லையோ, ஒரு தடவை ஆளைக் கூப்பிட்டு காட்டிடுங்க. ஒன்டாரியோல விறகு அடுப்பு வேலைக்குப் பயிற்சி முடிச்சவங்களுக்குக் குடுக்கிற வெட் (WETT) சர்டிஃபிகேட் வச்சிருக்கிற இன்ஸ்பெக்டர்னு கேக்கணும், இன்சூரன்ஸ் கம்பெனிங்களும் பல தடவை அந்த ரிப்போர்ட்டைத் தான் கேக்கும். சாதாரணமா கண்ணால பாத்து முடிக்கிறது முதல் லெவல், கேமரா ஏணி எல்லாம் வச்சுப் பாக்குறது அடுத்தது. புதுசா வாங்கின வீடுன்னா ரெண்டாவதையே பண்ணச் சொல்லுங்க. உள்ள படிஞ்சிருக்கிற கரி மூணு மில்லிமீட்டர் தாண்டினாலே சுத்தம் பண்ணணும்னு சொல்லுவாங்க, ஏன்னா அந்த தார் மாதிரி கரி, கிரியோசோட்னு பேரு, அது தீப்பிடிச்சா சிம்னிக்குள்ள 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல போகும்.

எங்க வீட்டுல வந்தவர் கேமராவுல காட்டினார், மேல களிமண் ஓடு ரெண்டு இடத்துல வெடிச்சிருக்கு, எரிக்கவே கூடாதுன்னார். ஃப்ளூவுக்குள்ள ஸ்டீல் லைனர்னு ஒரு குழாய் இறக்கினா சரியாகும், ஆனா அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் கிறிஸ்துமஸ் கனவு அங்கயே அணைஞ்சு போச்சு. ஒரு விதத்துல நல்லதா போச்சு, முடிவு சுலபமா வந்துடுச்சு: எங்க வீட்டுல விறகு கிடையாது.

உடைக்கிறதுக்கு முன்னாடி

1990க்கு முன்னாடி கட்டின வீடுன்னா ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கிற நார்) இருக்கலாம்னு நினைச்சுட்டு தான் சுத்தியலைக் கையில எடுக்கணும். கனடாவுல அதுக்கு முழுத் தடை வந்தது 2018 கடைசில தான். பழைய டைல் ஒட்டின பசை, சீலிங்ல பாப்கார்ன் மாதிரி இருக்கிற பூச்சு, சிம்னியைச் சுத்தி கொட்டியிருக்கிற சாம்பல் கலர் கூழாங்கல் மாதிரி வெர்மிகுலைட், பழைய கேஸ் அடுப்புல பொய் விறகுக்குக் கீழ கங்கு மாதிரி தூவியிருக்கிற பஞ்சு, எதுல வேணா இருக்கும். சும்மா இருந்தா அது ஒண்ணும் பண்ணாது, உடைச்சு தூசி கிளப்பினா தான் வினை. சந்தேகம் இருந்தா சின்ன துண்டு லேபுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணுங்க, அந்த செலவுல கஞ்சத்தனம் வேண்டாம், வீட்டுல குழந்தைங்க இருக்கு.

அம்பது டாலர்ல பாதி வேலை: பித்தளை

இப்ப தான் அழகு வேலை. ஒரு ஃபயர்பிளேஸ் பழசா தெரியுறதுக்கு முக்கால்வாசி காரணம் செங்கல் இல்ல, அந்த பளபளக்கிற பித்தளை ஃப்ரேம். அதை மட்டும் கறுப்பாக்கிட்டு ஒரு வாரம் விட்டுப் பாருங்க, பல பேர் அதோட நிறுத்திக்கலாம், நிஜமா சொல்றேன்.

ஃப்ரேம் உள்பக்கம் நாலு ஸ்க்ரூல தான் நிக்கும், கழட்டிடுங்க. கண்ணாடியைத் தனியா எடுக்க முடிஞ்சா எடுங்க, இல்லைன்னா டேப் ஒட்டி மூடுங்க. டிஷ் சோப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, காஞ்சதும் 220 நம்பர் உப்புத்தாள்ல லேசா பளபளப்பு போற வரைக்கும் தேய்ங்க, துடைங்க. அப்புறம் ஹை ஹீட்னு எழுதியிருக்கிற ஸ்ப்ரே பெயிண்ட், பார்பெக்யூ அடுப்புக்கு அடிக்கிறது தான், 650 டிகிரி வரைக்கும் தாங்குற மாதிரி கிடைக்குது. ஒரே தடவையில ரொப்பாதீங்க, மெல்லிசா மூணு கோட். நான் அவசரக்குடுக்கையா நவம்பர்ல கராஜ்ல வச்சு அடிச்சேன், வெளிய மூணு டிகிரி, பெயிண்ட் காயவே இல்ல, கண்ணீர் வடிச்ச மாதிரி ஒழுகி, மறுபடி தேய்ச்சு மறுபடி அடிச்சேன். பத்து டிகிரிக்கு மேல இருக்கிற நாளா பாருங்க. எரிக்கிற ஃபயர்பிளேஸ்னா முதல் தடவை சூடாகும்போது கொஞ்சம் நாத்தம் வரும், ஜன்னலைத் திறந்து வைங்க.

கேஸ், கரண்ட், இல்ல வெறும் குழி

இன்சர்ட், அதாவது பழைய குழிக்குள்ள சொருகுற ரெடிமேட் கேஸ் இல்லைன்னா கரண்ட் ஃபயர்பிளேஸ், போடுற ஐடியா இருந்தா டைல்ஸ் பெயிண்ட் எல்லாத்துக்கும் முன்னாடி இதை முடிவு பண்ணுங்க. ஒவ்வொரு மாடலுக்கும் ஃப்ரேம் அளவு, சுத்தி விட வேண்டிய இடைவெளி வேற வேற. டைல்ஸ் ஒட்டி முடிச்சுட்டு இன்சர்ட் வாங்கப் போய் அரை இஞ்ச் பத்தாம நிக்கிறதுக்கு, இது தேவலை.

கேஸ் இன்சர்ட்னா டைரக்ட் வென்ட் வாங்குங்க. பழைய சிம்னிக்குள்ளயே ரெண்டு மெல்லிசு குழாய் இறக்குவாங்க, ஒண்ணு வெளிக்காத்தை உள்ள கொண்டுவரும், இன்னொண்ணு புகையை வெளிய விடும், முன்னாடி கண்ணாடி சீல் பண்ணியிருக்கும், ரூம் காத்துக்கும் தீக்கும் சம்பந்தமே இல்ல, அதனால ஹூட் பிரச்சனையும் இல்ல. வாங்கும்போது எனர்கைட் லேபிள்ல ஃபயர்பிளேஸ் எஃபிஷியன்சின்னு ஒரு சதவீதம் போட்டிருக்கும், அதை வச்சு கம்பேர் பண்ணுங்க. கரண்ட் போனாலும் ஓடுமான்னு கேளுங்க, பேட்டரில ஸ்டார்ட் ஆகுற மாடல்ங்க இருக்கு. 2013 டிசம்பர் ஐஸ் ஸ்டார்ம்ல டொரண்டோல சுமார் 3 லட்சம் கனெக்ஷனுக்கு கரண்ட் போச்சு, சில ஏரியால நாள் கணக்குல, அந்த மாதிரி நேரத்துல இது உயிர் காக்கும். கேஸ் வேலையை நீங்களோ தெரிஞ்ச கைவேலைக்காரரோ தொடக் கூடாது, ஒன்டாரியோவோட பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏ (TSSA) லைசென்ஸ் இருக்கிற டெக்னீஷியன் தான் பண்ணணும், லைசென்ஸைக் காட்டச் சொல்லிப் பாருங்க, நல்ல ஆளுங்க கோவிச்சுக்க மாட்டாங்க. கண்ணாடி பயங்கரமா சுடும், தவழுற குழந்தை இருந்தா கொதிக்கிற தோசைக்கல்லை நட்டு வச்ச மாதிரி. 2015ல இருந்து வர்ற புது யூனிட்ல பாதுகாப்பு வலை கூடவே வருது, அசிங்கமா இருக்குன்னு அதைக் கழட்டாதீங்க. பழைய யூனிட்னா தனியா வலை வாங்கி மாட்டுங்க.

எலக்ட்ரிக் இன்சர்ட் விலை குறைவு, குழாய் கிடையாது, புகை கிடையாது. பெரும்பாலும் எல்லாமே 1,500 வாட் தான், 300 டாலர்னாலும் 1,500 டாலர்னாலும் வர்ற சூடு ஒண்ணு தான், காசு தீயோட அழகுக்கு. மூணு மணி நேரம் ஓடினா நாலரை யூனிட். இங்க ஒரு சின்ன கணக்கு: 1,500 வாட்டை 120 வோல்ட்டால வகுத்தா பன்னிரண்டரை ஆம்ப், சாதாரண பிளக் இருக்கிற 15 ஆம்ப் சர்க்யூட்டுல தொடர்ந்து ஓட விடலாம்னு சொல்றது 12 ஆம்ப். அதே சர்க்யூட்டுல டிவியும் வேக்குவமும் இருந்தா பிரேக்கர் விழுந்துட்டே இருக்கும். தனி லைன் இழுத்துடுங்க, லைசென்ஸ் இருக்கிற எலக்ட்ரீஷியன் வச்சு, மின் பாதுகாப்பு அமைப்பான ஈஎஸ்ஏவுக்கு (ESA) நோட்டிஃபிகேஷன் குடுத்து. எக்ஸ்டென்ஷன் கயிறு வச்சு ஓட்டுறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூணாவது வழி ஒண்ணும் போடாம விடுறது. உள்ள நல்லா சுத்தம் பண்ணி, ஹை ஹீட் கறுப்பு அடிச்சு, அழகா எதையாவது வைக்கலாம். எங்க வீட்டுல முதல் வருஷம் அம்மா ஊர்ல இருந்து தூக்கிட்டு வந்த குத்துவிளக்கை உள்ள வச்சோம். கறுப்புப் பின்னணில பித்தளை விளக்கு எரியும்போது வந்தவங்க எல்லாரும் அதைத் தான் ஃபோட்டோ எடுத்தாங்க. பித்தளையைக் கழட்டி கறுப்பாக்கிட்டு மறுபடி பித்தளையைக் கொண்டு வந்து வச்சியான்னு வைஃப் சிரிச்சா.

செங்கல்: பெயிண்ட்டா, சுண்ணாம்பா

செங்கலுக்கு பெயிண்ட் அடிக்கிறது ஒரு வழிப் பாதை. செங்கல் பஞ்சு மாதிரி, உறிஞ்சிக்கும், அப்புறம் பழைய நிலைக்குக் கொண்டு வர நினைச்சா செலவும் வேலையும் தாங்காது. முடிவு பண்ணலைன்னா ஒரு கோடைக்காலம் தள்ளிப் போடுங்க.

அடிக்கிறதுன்னு ஆச்சுன்னா சுத்தம் தான் எல்லாம். நான் ஈரத்துணியால துடைச்சுட்டு நேரா வெள்ளை அடிச்சேன். மறுநாள் காலைல குழிக்கு மேல இருந்த ஆறு வரிசையும் டீக்கறை மாதிரி மஞ்சளா ஊறி வந்திருக்கு. இன்னொரு கோட், மறுபடி மஞ்சள். இன்னொண்ணு, மறுபடியும். நாப்பது வருஷக் கரி உள்ள இருக்கு, தண்ணில கரையுற பெயிண்ட் அதை வெளிய இழுத்துட்டு வருது. கடைசில கறையை வெளிய விடாம அடைக்கிற ஷெல்லாக் பிரைமர் அடிச்சதும் தான் நின்னுச்சு. அதனால வரிசை இது: முதல்ல வேக்குவம், அப்புறம் டிஎஸ்பின்னு (TSP) விக்கிற சுவர் கழுவுற பவுடரை பாக்கெட்ல சொல்ற அளவு வெந்நீர்ல கலந்து கையுறை போட்டுக்கிட்டு பிரஷ்ஷால தேய்ச்சு கழுவணும், ரெண்டு தடவை நல்ல தண்ணி விட்டுத் துடைக்கணும், ரெண்டு நாள் காய விடணும், கரி பிடிச்ச இடத்துல ஷெல்லாக் பிரைமர், மத்த இடத்துல மேசன்ரி பிரைமர், அப்புறம் அக்ரிலிக் பெயிண்ட் ரெண்டு கோட், இடுக்குக்கு பிரஷ், செங்கலோட முன்பக்கத்துக்கு தடிச்ச ரோலர். ஷெல்லாக் சீக்கிரம் தீப்பிடிக்கும், நாத்தமும் ஜாஸ்தி, பைலட் தீயை அணைச்சுட்டு ஜன்னலைத் திறந்து வச்சு பண்ணுங்க. ஃபயர்பாக்ஸுக்குள்ள மட்டும் சாதாரண பெயிண்ட் அடிக்கவே கூடாது.

முழுசா வெள்ளையா ஆகாம செங்கல் கொஞ்சம் தெரியணும்னா பெயிண்ட்டையும் தண்ணியையும் சரி பாதி கலந்து பூசி உடனே துணியால ஒத்தி எடுக்கிறது ஒரு வழி. எனக்குப் பிடிச்சது சுண்ணாம்பு, இங்க லைம்வாஷ்னு டப்பால விக்கிறாங்க, பேர் தான் புதுசு, பொங்கலுக்கு முன்னாடி தாத்தா வீட்டுல அடிச்ச வெள்ளை தான் அது. பெயிண்ட் படாத செங்கலா இருக்கணும், செங்கலை முதல்ல தண்ணி தெளிச்சு நனைக்கணும், அடிச்சு முதல் சில நாளுக்குள்ள பிடிக்கலைன்னா கழுவி விட்டுடலாம், அது தான் பெரிய வசதி. முதல்லயே எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தா அந்த மஞ்சள் கறையோட மல்லுக்கட்டியிருக்க மாட்டேன்.

டைல்ஸ்

ஹார்த்துக்கு மட்டும் டைல்ஸ் போடலாம்னு ஸ்கார்பரோல டைல்ஸ் வேலை செய்யுற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தரைக் கூப்பிட்டோம். அவர் வந்ததும் ஒரு நீட்டுப் பலகையைச் செங்கல் மேல சாய்ச்சு வச்சுப் பாத்துட்டு, "தம்பி, உதுக்கு மேல நேரா ஒட்டினா நிக்காது, முதல்ல மட்டம் எடுக்கோணும்"னார். செங்கல் மேடும் பள்ளமுமா இருக்கும், அதனால தின்செட்னு சொல்ற டைல் ஒட்டுற சிமெண்ட் கலவையை மெல்லிசா பூசி மட்டமாக்கணும், ரொம்ப மோசம்னா சிமெண்ட் போர்டை கான்கிரீட் ஸ்க்ரூ போட்டு முடுக்கி அதுக்கு மேல ஒட்டணும். பக்கெட்ல ரெடியா வர்ற மாஸ்டிக் பசையை வாங்காதீங்க, சூட்டுல இளகிடும். பவுடரா வந்து தண்ணி ஊத்தி கலக்குற பாலிமர் தின்செட் தான். டைல் போர்சலின். பெயிண்ட் அடிச்ச செங்கல் மேல ஒட்டணும்னா பெயிண்ட்டை சுரண்டி எடுக்கணும், இல்லைன்னா டைல் பெயிண்ட்டைத் தான் பிடிச்சுட்டு நிக்கும், செங்கலை இல்ல.

எரிக்கிற மேசன்ரி ஃபயர்பிளேஸா இருந்தா ஹார்த் அளவைக் குறைச்சுடாதீங்க. குழி வாய்க்கு முன்னாடி 400 மில்லிமீட்டர், ரெண்டு பக்கமும் 200 மில்லிமீட்டர் தீப்பிடிக்காத தரை இருக்கணும்னு ஒன்டாரியோ பில்டிங் கோட் சொல்லுது. மேடையை உடைச்சு எடுத்துட்டு வாய் வரைக்கும் மரத்தரை போடுற ஆசை நிறைய பேருக்கு வரும், பறக்குற ஒரு பொறி போதும். நாங்க மேடையை அப்படியே வச்சுக்கிட்டதுக்கு காரணம் வேற, நவராத்திரிக்கு அது தான் கொலுவோட முதல் படி, மேல ரெண்டு பலகை வச்சா மூணு படி ரெடி. மேடை ஓரம் கூர்மையா இருந்தா நுரைப் பட்டை ஒட்டிடுங்க, எங்க சின்னவன் நெத்தில ஒரு தையல் அதோட உபயம்.

மேண்டலும் டிவியும்

ஓக் பலகை உறுதியா இருந்தா தூக்கிப் போடாதீங்க. தேய்ச்சு டார்க் ஸ்டெயினோ பெயிண்ட்டோ அடிச்சாலே ஆள் மாறிடும். புதுசு மாட்டுறதுன்னா டேப் எடுத்துக்கோங்க: மேசன்ரில குழி வாயைச் சுத்தி 150 மில்லிமீட்டருக்குள்ள மரம் எதுவும் வரக் கூடாது, 38 மில்லிமீட்டருக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற பலகைன்னா வாயோட மேல் விளிம்புல இருந்து குறைஞ்சது 300 மில்லிமீட்டர் தள்ளி இருக்கணும். கேஸ் இன்சர்ட்னா இந்த நம்பரை மறந்துட்டு மேனுவல்ல இருக்கிற அட்டவணையைப் பாருங்க, பெரும்பாலும் அதிகமா தான் கேக்கும்.

டிவியை மேல மாட்டுறது பத்தி வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். என் கருத்து, வேண்டாம். கழுத்து வலிக்கும், கீழ எரிஞ்சா டிவிக்கு சூடு. வேற சுவரே இல்லைன்னா முதல்ல அந்த இடத்துல ஒரு தெர்மாமீட்டரை டேப் போட்டு ஒட்டி, ரெண்டு மணி நேரம் அடுப்பை ஓட விட்டு எவ்ளோ ஏறுதுன்னு பாத்துட்டு, உங்க டிவி மேனுவல்ல சொல்ற அளவோட ஒப்பிட்டுப் பாருங்க. எங்க வீட்டுல மேண்டல் மேல சாமி படம் வைக்கணும்னு அம்மா, டிவின்னு பையன், கடைசில ரெண்டும் இல்ல, ஒரு கண்ணாடி மாட்டியிருக்கோம்.

அலாரம்

எந்த வழில போனாலும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தை விட்டுடாதீங்க. 2008 டிசம்பர்ல ஒன்டாரியோ வுட்ஸ்டாக்ல ஹாக்கின்ஸ்னு ஒரு குடும்பம், அப்பா அம்மா ரெண்டு பிள்ளைங்க, நாலு பேரும் இறந்து போனாங்க. கேஸ் ஃபயர்பிளேஸோட வென்ட் அடைச்சிருந்தது, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ள திரும்பிடுச்சு. வீட்டுல அலாரம் இல்ல. அந்தம்மா போலீஸ்காரங்க, அவங்க மாமா ஜான் ஜிக்னாக் ரிட்டயர்ட் தீயணைப்பு வீரர், அவர் விடாம அலைஞ்சு தான் 2013ல ஹாக்கின்ஸ்-ஜிக்னாக் சட்டம் வந்து, அடுப்போ ஃபயர்பிளேஸோ ஒட்டின கராஜோ இருக்கிற ஒன்டாரியோ வீட்டுல அலாரம் கட்டாயம் ஆச்சு. படுக்கை ரூம் பக்கத்துலயும் ஒவ்வொரு தளத்துலயும் ஒண்ணு வைங்க. பின்னாடி ஒரு தேதி போட்டிருக்கும், அது தாண்டியிருந்தா சத்தம் வந்தாலும் மாத்துங்க. பழைய வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனது பெரும்பாலும் தேதி தாண்டினதா தான் இருக்கும், எங்களுது அப்படித்தான் இருந்தது. கேஸ் வென்ட் வெளிச்சுவர்ல எங்க வருதுன்னு பாத்து வச்சுக்கிட்டு, பனி கொட்டின ஒவ்வொரு தடவையும் டிரைவ்வே தள்ளுறதோட சேத்து அதையும் தள்ளி விடுங்க.

மூடினா எழுதி வைங்க

எங்க கதை எலக்ட்ரிக் இன்சர்ட்ல முடிஞ்சது. விளக்கை பூஜை ரூமுக்கு மாத்தினோம். சிம்னி உச்சில மழை இறங்காம மூடி போட்டாச்சு, காத்துப் போக்கு கொஞ்சம் விட்டு, ஏன்னா முழுக்க அடைச்சா உள்ள ஈரம் தங்கி செங்கல் உரியும். டேம்பருக்குக் கீழ குளிர் வராம இருக்க ஊதுற பலூன் ஒண்ணு சொருகியிருக்கேன். நாளைக்கு இந்த வீட்டை வாங்குறவங்களுக்கு அது எதுவும் தெரியாது, இன்சர்ட்டை உருவிட்டு முதல் குளிர்ல விறகை அடுக்கி தீக்குச்சி கிழிச்சா என்ன ஆகும்னு யோசிச்சேன். அதனால ஒரு தகட்டுல அழியாத மார்க்கர்ல "ஃப்ளூ வெடிச்சிருக்கு, மேல மூடியிருக்கு, தீ வைக்காதீங்க"ன்னு இங்கிலீஷ்ல எழுதி, கீழ தேதியையும் போட்டு, கம்பி வச்சு டேம்பர் கைப்பிடிலயே கட்டிட்டேன். இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டோட ஒரு காப்பி ஃபர்னேஸ் ரூம் சுவர்ல பிளாஸ்டிக் கவர்ல தொங்குது.